மேல்தட்டில் ஒரு சின்னக் கீபோர்டு

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் கோயில் கொடைக்கும் கல்யாண வரவேற்புக்கும் கச்சேரி செய்யும் மெல்லிசைக் குழு ஒன்றில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். என் ஸ்டாண்டில் இரண்டு தட்டு. கீழ்த்தட்டில் 61 கட்டை ஒர்க்ஸ்டேஷன், அதாவது பல வாத்தியங்களின் சத்தமும் உள்ளே இருக்கும் பெரிய கீபோர்டு. வேலையில் முக்கால்வாசி அதில்தான் நடக்கும். மேல்தட்டில் யமஹாவின் ரீஃபேஸ் டிஎக்ஸ். 37 சின்னக் கட்டைகள், 2 கிலோவுக்கும் குறைவான எடை, இரண்டு பக்கமும் குட்டி ஸ்பீக்கர்கள். மேடைக்குக் கீழே நிற்பவர்கள் அதைப் பிள்ளைகள் விளையாடும் சாமான் என்றுதான் முதலில் நினைப்பார்கள். ஆனால் எண்பதுகளின் பாட்டு வந்தால் என் கை மேல்தட்டுக்குத்தான் போகும். அது ஏன் என்று எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

எங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் எண்பதுகளின் பாட்டுகள்தான். கொடைக்குப் பணம் தருபவர்கள் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். பாடகர் ஒரு சங்கதியை விட்டுவிட்டால் பொறுத்துக்கொள்வார்கள், சுருதியை அரைக் கட்டை இறக்கிப் பாடினாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வரும் அந்தச் சின்ன வாத்திய இசை, நாங்கள் பிட் என்போம், அவர்களுக்கு மனப்பாடம். டோன் சரியாக இருந்தால் பாடகர் வாயைத் திறப்பதற்குள் விசில் வந்துவிடும். சரியில்லை என்றால் கூட்டம் சும்மா இருக்கும். கீபோர்டு வாசிப்பவனுக்குத் தண்டனையாக அந்தச் சும்மா இருப்பதே போதும்.

ரீஃபேஸ் டிஎக்ஸுக்கு மூத்ததான யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு வெளிவந்தது 1983இல். அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் சத்தம் கோடம்பாக்கத்துப் பாட்டுகளிலும் கேட்கத் தொடங்கியது. கண்ணாடியைத் தட்டினாற்போல ஒலிக்கும் எலக்ட்ரிக் பியானோ, மணிச் சத்தங்கள், தெறித்து விழும் பேஸ் எல்லாம் அதைச் சேர்ந்தவை. ஒரு அலையை இன்னொரு அலையால் ஆட்டிச் சத்தம் உண்டாக்கும் இந்த முறைக்கு எஃப்எம் என்று பெயர். இன்றைய ஒர்க்ஸ்டேஷன்களிலும் எஃப்எம் பியானோ என்று ஒரு டோன் இருக்கும். அதைத்தான் நானும் பல வருடம் வாசித்துக்கொண்டிருந்தேன். ஹெட்போனில் கேட்டால் அருமையாக இருக்கும். திறந்தவெளி மேடைக்குப் போனதும் கரைந்துவிடும்.

அதற்குக் காரணம் உண்டு. ஒர்க்ஸ்டேஷனில் இருப்பது பதிவுசெய்து வைத்த சத்தம். மெதுவாக அடித்ததற்கு ஒரு பதிவு, பலமாக அடித்ததற்கு இன்னொரு பதிவு என்று அடுக்கி வைத்திருப்பார்கள். விரல் ஒரு அளவைத் தாண்டும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். நடுவில் ஒன்றும் இல்லை. அதோடு இடது வலது என்று பரந்து கேட்பதற்காக, ஒரே சத்தத்தைக் கொஞ்சம் பிசகிய நகலோடு சேர்க்கும் கோரஸைக் குழைத்து வைத்திருப்பார்கள். மைக்செட்காரர் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் வரைக்கும் அனுப்பும்போது அந்தக் கோரஸ் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது ஒரு மங்கலான சத்தம்.

சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் தன் ரீஃபேஸை விற்றபோது வாங்கினேன். 2015இல் யமஹா கொண்டுவந்த வரிசை அது. அலையை உண்டாக்கும் உறுப்புக்கு ஆபரேட்டர் என்று பெயர்; டிஎக்ஸ்7இல் ஆறு ஆபரேட்டர், இதில் நான்கு. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் முறைகளான அல்காரிதம் அங்கே 32, இங்கே 12. செகண்ட் ஹேண்டில் நல்ல டிஎக்ஸ்7 ஒன்றைத் தேடி, பழுது பார்த்து, 14 கிலோவை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிவதைவிட இது எனக்குத் தோது.

எஃப்எம் என்பது என்ன என்று என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கீபோர்டிலேயே காட்டுவேன். முதலில் ஒரே ஒரு ஆபரேட்டரை மட்டும் விட்டு மற்றதை அணைத்துவிடுவேன். ஊ என்று ஒரு வெறும் சைன் அலை, அதில் ஒரு சுவையும் இருக்காது. பிறகு இரண்டாவது ஆபரேட்டரை அதன்மேல் ஏற்றி, வினாடிக்கு 5 முறை ஆடும்படி வைப்பேன். ஸ்வரம் அசையத் தொடங்கும். கமகம் மாதிரி இருக்கு சார் என்பார்கள், சரிதான். அப்புறம் அந்த ஆட்டத்தை மெல்ல மெல்ல வேகப்படுத்துவேன். 10இல் நடுக்கம். 20ஐத் தாண்டும்போது கரகரப்பு. அதற்கும் மேலே போகப் போக, அசைவு என்பதே காதில் இல்லாமல் போய்விடும். அந்த இடத்தில் புது நிறம் ஒன்று நிற்கும். வெறும் ஊ என்றிருந்தது உலோகமாகவோ மரமாகவோ மாறியிருக்கும்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்ற இசையமைப்பாளர் 1967இல் கண்டதும் இதையேதான். கணினியில் வைப்ராட்டோவை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, வேகமாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, ஒரு கட்டத்துக்கு மேல் அது வைப்ராட்டோவாகக் கேட்காமல் நிறமாகக் கேட்டது. 1973இல் கட்டுரையாக வெளியிட்டார். அந்த முறையைப் பயன்படுத்தும் உரிமத்தை யமஹா வாங்கி, பத்தாண்டு கழித்து டிஎக்ஸ்7 வந்தது. அறுபதுகளின் பெரிய கணினியில் அவர் காத்திருந்து காத்திருந்து கேட்ட மாற்றத்தை இன்று பாளையங்கோட்டையில் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் தன் விரலால் தடவிக் கேட்கிறான் என்பது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

சரி, எலக்ட்ரிக் பியானோவுக்கு வருகிறேன். நான்கு ஆபரேட்டரையும் இரண்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடியிலும் கீழே இருப்பது காதில் விழுவது, மேலே இருப்பது அதை ஆட்டுவது. வாசிக்கும் ஸ்வரத்தைப் போல எத்தனை மடங்கு வேகத்தில் ஆபரேட்டர் ஆடுகிறது என்பதுதான் விகிதம். முதல் ஜோடியில் இரண்டுக்கும் விகிதம் 1. இது பியானோவின் உடம்பு. இரண்டாவது ஜோடியில் கீழே 1, மேலே 14. இந்த 14தான் டிங் என்று கேட்கும் அந்தக் கண்ணாடித் தட்டல். அது வந்தவுடனே செத்துவிட வேண்டும், அதனால் சத்தம் அடங்கும் நேரமான டிகேயைக் குறுக்கிவிட வேண்டும். இரண்டு ஜோடிக்கும் நடுவே கொஞ்சம் சுருதி பிசகு வைத்தால் சத்தம் தானாக மிதக்கும், கோரஸே வேண்டாம்.

இதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். ஒவ்வொரு ஆபரேட்டரும் விரலின் வேகத்துக்கு எவ்வளவு மசிய வேண்டும் என்று தனித்தனியாக வைக்கலாம். அந்த 14க்கு மட்டும் அதை நிறைய வைத்தேன், உடம்புக்குக் குறைவாக வைத்தேன். இப்போது மெதுவாகத் தொட்டால் உருண்டையான சத்தம். கொஞ்சம் அழுத்தினால் ஓரத்தில் ஒரு மினுக்கல். ஓங்கி அடித்தால் டங் என்று குரைக்கும். இவற்றுக்கு நடுவில் படிக்கட்டே கிடையாது. அழுத்தம் கூடக்கூடச் சத்தம் பெரிதாவதைவிட அதன் நிறம் மாறுவதுதான் அதிகம். பல வருடம் வாசித்த பிட்களில் பழைய வாசிப்பாளர்கள் எந்த ஸ்வரத்தை அழுத்தினார்கள், எதைத் தடவிவிட்டார்கள் என்பது இதற்கப்புறம்தான் எனக்குப் புரிந்தது. ஒர்க்ஸ்டேஷனில் எந்த அழுத்தத்துக்கும் ஏறக்குறைய ஒரே பதில் வரும்போது விரல் சோம்பிவிடுகிறது. இங்கே சோம்பினால் உடனே தெரிந்துவிடும்.

எங்கள் குழுவை நடத்துபவர் பேஸ் கிட்டார் வாசிப்பவர், எண்பதுகளிலிருந்து மேடையில் இருப்பவர். நாங்கள் அண்ணாச்சி என்போம். திருச்செந்தூர் போகிற வழியில் ஒரு அம்மன் கோயில் கொடையில்தான் முதலில் இதை எடுத்து வைத்தேன். முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லை. பிட் முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாசிப்பு நடுவில் திரும்புகிற ஆள் கிடையாது அவர். இடைவேளையில் டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து, "ஏடே, அந்த டோன் எங்க பிடிச்ச? இத கேட்டு எத்தன வருசமாச்சு" என்றார். "மேல இருக்குற பெட்டி அண்ணாச்சி" என்றேன். "இனிமே அத வீட்டுல வச்சிட்டு வராத" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டை யாரும் கேட்டதில்லை.

மணிச் சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மன் பாட்டு, முருகன் பாட்டு எல்லாவற்றுக்கும் தொடக்கத்தில் ஒரு கோயில் மணி வேண்டியிருக்கும். சௌனிங்கின் கட்டுரையில் மணிக்கு ஒரு உதாரணம் உண்டு. கீழே 200 ஹெர்ட்ஸ், ஆட்டுவது 280 ஹெர்ட்ஸ், அதாவது 1க்கு 1.4. முழு எண் விகிதங்கள் தந்திக்கும் குழலுக்கும் பொருந்தும். இப்படிப் பின்னத்தில் வைத்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டாத மேல்ஸ்வரங்கள், அதாவது அடி ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மற்ற ஸ்வரங்கள், பிறக்கும், மணிக்கு அதுதான் வேண்டும். அடித்ததும் எல்லா மேல்ஸ்வரமும் சேர்ந்து வந்து, நேரம் போகப் போக நிறம் வெளுத்து, கடைசியில் ஒற்றை ஸ்வரமாக முடிய வேண்டும். ரீஃபேஸில் அந்த 1.40ஐ அப்படியே வைத்தேன். மிச்சமிருந்த ஜோடியைக் கொஞ்சம் தள்ளி வைத்து, கண்டாமணியின் அந்த அலை அலையான அதிர்வை உண்டாக்கினேன். பெரிய கோயில் மணி ஒன்றின் அருகில் நின்றவர்களுக்குத் தெரியும், அது ஒரே சீராக அடங்காது, ஏறி இறங்கித்தான் அடங்கும். அது வந்த அன்று இரவு வெகு நேரம் அதையே அடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேடையில் இதற்கென்று சில பழக்கங்கள் வேண்டும். ஒரே நேரத்தில் 8 ஸ்வரம்தான் ஒலிக்கும். பெடலை அழுத்தியபடியே இரண்டு கையாலும் வாசித்தால் பழைய ஸ்வரங்கள் அறுந்துபோகும், பல ஸ்வரங்களைச் சேர்த்து அடிக்கும் ஒவ்வொரு கார்டுக்கும் பெடலை எடுத்து வைக்க வேண்டும். 37 கட்டை போதாத பாட்டுக்கு, ஒரு கீபோர்டின் கட்டைகளால் இன்னொன்றை ஒலிக்கவைக்க, கூடவே தந்த மிடி கேபிளை மாட்டிக் கீழ்த்தட்டுக் கட்டைகளிலிருந்தே இதை வாசிப்பேன். சின்னக் கட்டைகள் நன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் வேகமான பிட்டுக்கு முழு அளவுக் கட்டைதான் என் விரலுக்குப் பழக்கம். ஏழு வகை எஃபெக்ட் இருக்கிறது. திறந்தவெளியில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவேன். எதிரொலியை ஊர்ச் சுவர்களே கொடுத்துவிடும். டோன் வைக்க 32 இடம் இருக்கிறது, கச்சேரிப் பட்டியலின் வரிசைப்படியே அடுக்கி வைத்துக்கொள்வேன்.

வேனில் இதன் உபயோகம் தனி. 6 பென்சில் பேட்டரி போட்டால் 5 மணி நேரம் வரை வரும். மடியில் வைத்துக்கொண்டு, புதிதாகச் சேர்த்த பாட்டைப் பாடகி அக்காவுடன் போகிற வழியிலேயே பார்த்துவிடுவோம். "தம்பி, சரணத்துல மேல எட்டல, அரைக் கட்டை இறக்கிப் பாப்பமா?" என்பார். இறக்கிப் பார்ப்போம். முன்பெல்லாம் இதை மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் இரைச்சலில் முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

வயலின் கூட்டம், நாதஸ்வரம், வீணை எல்லாம் இதில் முயலவே மாட்டேன். நாலு ஆபரேட்டரில் அவற்றின் சாயல் வரலாம், உயிர் வராது. அவற்றுக்குக் கீழ்த்தட்டு இருக்கிறது. ஒரே ஒரு கீபோர்டு வாங்கத்தான் பணம் இருக்கிறது என்று கேட்கும் தம்பிகளிடம் ஒர்க்ஸ்டேஷனைத்தான் வாங்கச் சொல்வேன். இரண்டாவதாக என்ன வாங்கலாம் என்று கேட்டால்தான் இதைச் சொல்வேன்.

இப்போது சலங்கைச் சத்தம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஒற்றை மணி எளிது. சலங்கையில் பல மணிகள் கொஞ்சம் கொஞ்சம் வேறு சுருதியில், கொஞ்சம் கொஞ்சம் முன்பின்னாக விழ வேண்டும். நான்கு ஆபரேட்டரையும் தனித்தனியே ஒலிக்கவிடும் அல்காரிதத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உயர்ந்த பின்ன விகிதம் வைத்து, ஆபரேட்டர் தன்னையே ஆட்டிக்கொள்ளும் ஃபீட்பேக்கால் கொஞ்சம் கூர்மை ஏற்றியிருக்கிறேன். சுருதி வந்துவிட்டது. முன்பின்னாக விழுவதற்கு மட்டும் சத்தத்தைக் கொஞ்சம் தாமதித்துத் திரும்பக் கொடுக்கும் குட்டி டிலே எஃபெக்ட் ஒன்றைப் போட்டுப் பார்க்கிறேன். நான்குக்கும் சத்தம் எழும் நேரமான அட்டாக்கைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி வைத்தால் இன்னும் இயல்பாக வரும் என்று தோன்றுகிறது. அடுத்த கொடைக்குள் முடித்துவிட வேண்டும். அண்ணாச்சி பட்டியலில் அந்தப் பாட்டை ஏற்கெனவே சேர்த்துவிட்டார்.