ஃபிஷரின் ராணி சிக்கிய இடம்: ரெய்க்யவிக் 1972, 11-வது ஆட்டம்

உலகச் சதுரங்கச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி. ஸ்பாஸ்கி வெள்ளை, ஃபிஷர் கறுப்பு. சிசிலியன் நஜ்டார்ஃப் என்ற தொடக்க ஆட்டத்தில் 'விஷச் சிப்பாய்' வரிசை: பி2-வில் இருக்கும் வெள்ளைச் சிப்பாய்தான் அந்த விஷம், கறுப்பு ராணிக்கு வைக்கும் தூண்டில். 7-வது நகர்வில் ஃபிஷரின் ராணி பி6 கட்டத்துக்கு (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர்), 8-ல் பி2 சிப்பாயை வெட்டு, 9-ல் ஏ3-க்கு ஓட்டம். சிப்பாய்க்கு ஆசைப்பட்டு ஃபிஷர் தோற்றார் என்பார்கள். அது சரியில்லை. 7-வது ஆட்டத்திலும் இதே சிப்பாயைத்தான் எடுத்தார், டிரா.

இந்த முறை ஸ்பாஸ்கி 10-ல் பிஷப்பால் எஃப்6 குதிரையை வெட்டினார், 11-ல் பிஷப் இ2. பிஷப் ஹெச்5-க்கு வராமலிருக்க ஃபிஷர் அங்கே சிப்பாயை வைத்தார்.

14-ல் ஸ்பாஸ்கியின் சி3 குதிரை புறப்பட்ட வீடான பி1-க்கே திரும்பியது. பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும். ஆனால் ஏ3 ராணியைத் தாக்குகிறது, சி4-க்குச் சிப்பாய் போக வழிவிடுகிறது. ராணி பி4-க்கு ஒதுங்க, வெள்ளை ராணி இ3.

இங்கேதான் தவறு: 15-ல் ஃபிஷர் சிப்பாயை டி5-க்குத் தள்ளினார். வெள்ளைச் சிப்பாய் டி5-ல் வெட்டியதும் இ6 சிப்பாயால் திருப்பி எடுக்க முடியாது. இ ஃபைலில் (செங்குத்து வரிசையில்) வெள்ளை ராணிக்கும் இ8 ராஜாவுக்கும் நடுவே அது 'பின்' ஆகி நிற்கிறது: விலகினால் ராஜாவுக்குச் செக். 16-ல் ஃபிஷரின் சி6 குதிரை இ7-க்கு வந்தது, 17-ல் ஸ்பாஸ்கி சி4 தள்ளி டி5-ஐக் கெட்டியாக்கினார்.

அந்தக் குதிரை 15-லேயே இ7-க்குப் போயிருந்தால் சி6 காலியாகியிருக்கும். ராணி ஏ4 வழியாக அங்கே திரும்பியிருக்கலாம். இப்போது டி5 சிப்பாய் சி6-ஐக் காவல் காக்கிறது. ஒரே ஒரு நகர்வு தாமதம்.

பிறகு துரத்தல்தான். 21. ஏ3, ராணி பி6. 22. சி5, ராணி பி5. 23-ல் வெள்ளை ராணி சி3: ஹெச்8 யானைக்கும் குறி, அடுத்து ஏ4 என்ற மிரட்டலும். ஃபிஷர் ஜி4 பிஷப்பை எடுத்துக்கொண்டார். 25-ல் ராணி போயிற்று. 31-ல் ஸ்பாஸ்கியின் யானை இ6-ஐ வெட்டியதும் ஃபிஷர் சரணடைந்தார்.

கறுப்பு ராஜா கடைசிவரை இ8-ஐ விட்டு அசையவில்லை. ராணி மட்டும் ஆறு முறை நகர்ந்தது. இந்த வரிசையைக் கறுப்பில் ஆடுகிறவர்கள் பி2-வில் கை வைக்கும்போதே ராணி எந்தக் கட்டம் வழியாக வீடு திரும்பும் என்று பார்த்துவைக்க வேண்டும். அந்தக் கட்டம் பெரும்பாலும் சி6 அல்லது சி5.