இராமானுஜன் தவறவிட்ட ஓர் எண்
67,46,32,83,88,800. நேற்று இரவு முழுவதும் இந்த எண்ணோடுதான் இருந்தேன்.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களை இராமானுஜன் 1915-இல் தம் ஆய்வுக் கட்டுரையில் பட்டியலிட்டார். 12 அப்படிப்பட்டது, அதற்கு 6 காரணிகள், அதற்குக் கீழே எதற்கும் அத்தனை இல்லை. பட்டியலின் கடைசி எண் மேலே உள்ளது. அதற்கு 10,080 காரணிகள்! கணிப்பொறி இல்லாத காலம், ஐயா.

பகா எண்களாகப் பிரித்துப் பாருங்கள்: ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. பகா எண் பெரிதாகும்போது அதன் அடுக்கு ஒருபோதும் கூடுவதில்லை. இவ்வகை எண்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஏனென்று யோசித்தால் எளிது: சிறிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கைக் கொடுத்தால், காரணிகள் குறையாமல் எண் சிறுத்துவிடும்.

அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. இதை 23-ஆல் பெருக்கினேன். வந்தது அதே கடைசி எண்! தவறவிட்டது, எழுதிவைத்ததற்குள்ளேயே இருந்திருக்கிறது. எனக்குத் தூக்கமே வரவில்லை.