ஜங்ஷன்னா ஜங்ஷன்தான்

தப்பு என்னுடையதுதான். திருப்பத்தூர் கல்யாணத்தை முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன மனைவியின் சித்தப்பாவிடம், "சேலத்துல டவுன், மார்க்கெட்னு வேற ஸ்டேஷனும் இருக்கு மாமா. போர்டுல ஜங்ஷன்னு போட்டிருந்தா மட்டும் இறங்குங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அந்த இரண்டும் விருத்தாசலம் பாதையில் இருப்பவை. ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து பாசஞ்சரில் வருகிறவருக்கு அவற்றோடு சம்பந்தமே இல்லை. வாய் சும்மா இருந்ததா?

பொம்மிடி தாண்டியதும் போன். "மாப்ள, லோகூராம். சுத்தியும் மலை. மலைன்னா பச்சையா இருக்க வேணாமா? மொட்டை போட்டு விட்டாப்ல இருக்கு." சித்திரையில் சேர்வராயன் அடிவாரம் அப்படித்தான். குளிரெல்லாம் 20 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, ஏற்காட்டில்.

அப்புறம் இன்னொரு போன். "ஜங்ஷன்ல இறங்கிட்டேன், எங்க இருக்க?"

"நானும் ஜங்ஷன்லதான் மாமா. டீக்கடை பக்கம்."

"டீக்கடையா? இங்க ஒரு வேப்பமரமும் ரெண்டு நாயும்தான் இருக்கு. வண்டியும் போயிருச்சு."

எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது. "எதிர்ல என்ன தெரியுது மாமா?"

"வெள்ளையா மேடு மேடா குவிச்சு வச்சிருக்கான். ஏன் மாப்ள, உங்க ஊர்ல உப்பளம் இருக்குன்னு சொல்லவே இல்லையே?"

அவர் வேதாரண்யத்துக்காரர். வெள்ளையாகக் குவிந்து கிடப்பதெல்லாம் அவருக்கு உப்புதான். புரிந்துவிட்டது. மனிதர் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே, மேக்னசைட் ஜங்ஷனில் இறங்கியிருக்கிறார். அங்கே குவிந்து கிடப்பது உப்பில்லை, மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல். வண்டி சிக்னலுக்கு நின்றதோ, முறைப்படி நின்றதோ, கண்ணாடி பைக்குள் இருந்ததால் போர்டில் கடைசி வார்த்தையை மட்டும் படித்திருக்கிறார்.

பைக்கை விரட்டிக்கொண்டு போனேன். உருக்காலை உலைக்குள் பதிக்கிற செங்கல்லை இந்த வெள்ளைக்கல்லில்தான் செய்கிறார்கள்; எவ்வளவு சூட்டையும் தாங்குமாம். அன்றைய வெயிலுக்கு என் மண்டையிலும் நாலு பதித்திருக்கலாம்.

மாமா கல்யாணத் தாம்பூலப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தேங்காய் ஒரு கையில். இன்னொரு கையில் தண்டவாளத்தோரம் பொறுக்கிய வெள்ளைக்கல் ஒன்று, ஓரத்தில் ஈரமாக.

"நக்கிப் பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன். கரிக்கவே இல்ல. ஏமாத்துறாங்க மாப்ள."

சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு கடி கடித்துவிட்டு என் மனைவியைப் பார்த்து, "இதுலயும் அந்த உப்பைத்தான் போட்டிருக்கான் பாப்பா" என்றார்.