மாமாவின் தல்லாவும் அம்மம்மாவின் மூக்குப்பேணியும்

கத்தாரில் பல வருசம் வேலை செய்த மாமா போன மாதம் கொக்குவில் வீட்டுக்கு வந்தபோது ஒரு தல்லா கொண்டுவந்தார், பறவை அலகு மாதிரி வளைந்த மூக்கு வைத்த பித்தளைக் கேத்தில். அம்மம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கட மூக்குப்பேணிக்குச் சொந்தம் போல கிடக்கு" என்றா. மூக்குப்பேணி என்றால் எங்கட ஊரில் குடிக்கப் பாவிக்கிற, மூக்கு வைத்த பித்தளைக் குவளை.

அன்று பின்னேரம் மாமாவே கஹ்வா, அதுதான் அரபுக் கோப்பி, போட்டார். நாங்கள் கோப்பிக்கொட்டையைக் கருக வறுத்து மல்லி போட்டு இடிக்கிற ஆட்கள். அரபுக்காரர் இளவறுவலாகத்தான் வறுப்பார்கள், அதனால் நிறம் வெளிறிய மஞ்சள், குடித்தால் ஏலக்காய்தான் முதலில் மூக்கில் ஏறும். சீனி கிடையாது, பக்கத்தில் பேரீச்சம்பழம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்து வளர்ந்த எனக்கு அது உடனே பிடித்துவிட்டது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அந்தப் பரிமாறல். இடது கையில் தல்லா, வலது கையால் கைபிடி இல்லாத சின்னக் கிண்ணத்தை நீட்ட வேண்டும், அதுவும் கால்வாசி மட்டும். போதும் என்றால் வாயால் சொல்லத் தேவையில்லை, கிண்ணத்தை மெல்ல ஆட்டினால் சரி. ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இந்த உபசரிப்பு முறையை 2015இல் அமீரகம், சவூதி, ஓமான், கத்தார் நான்கும் சேர்ந்து யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் பதிந்திருக்கின்றன. பதிய வேண்டியதுதான்.

முதல் கிண்ணம் மூத்தவருக்காம். மாமா எழும்பி நின்று அம்மம்மாவுக்குக் கொடுத்தார். அவ இரண்டு கையாலும் வாங்கினா.