ஃப்ரிட்ஜில் இக்கைட் வளர்த்த அனுபவம்: இதுவரை

கால்சியம் கார்பனேட் என்றதும் கால்சைட், அரகோனைட் என்ற இரண்டு கனிமங்கள்தான் நினைவுக்கு வரும். சுண்ணாம்புக்கல்லும் சிப்பி ஓடும் இவற்றால் ஆனவை. இதே பொருள் தன்னோடு தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு படிகமாகும் வடிவம் ஒன்று உண்டு. அதன் பெயர் இக்கைட். ஒரு கால்சியம் கார்பனேட்டுக்கு ஆறு நீர் மூலக்கூறு. எடையில் பார்த்தால் படிகத்தில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 52 சதவீதம், வெறும் தண்ணீர். குளிரில் தெளிந்த படிகமாக இருப்பது, அறைச் சூட்டுக்கு வந்ததும் தண்ணீரும் வெள்ளைச் சேறுமாகப் பிரிந்துவிடும்.

1865-லேயே பெலூஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார். இயற்கையில் கிடைத்தது 1963-இல்தான். கிரீன்லாந்தின் தென்மேற்கில் உள்ள இக்கா ஃபியோர்டின் (நிலத்துக்குள் நீளும் குறுகிய கடற்கழி) அடியில், 20 மீட்டர் உயரம் வரை எழும்பி நிற்கும் வெள்ளைத் தூண்களை ஆராய்ந்த ஹான்ஸ் பௌலி, அவை இந்தக் கனிமத்தால் ஆனவை என்று காட்டினார். இடத்தின் பெயரே கனிமத்துக்கும் ஆயிற்று. அடியில் ஊறும் காரத்தன்மை மிகுந்த கார்பனேட் நீர், கால்சியம் உள்ள குளிர்ந்த கடல்நீரோடு கலக்கும் இடத்தில் தூண் வளர்கிறது. அந்தக் கலப்பைச் சின்ன அளவில் ஒரு ஜாடிக்குள் நடத்திப் பார்ப்பதுதான் என் வேலை.

தேவையான பொருட்கள் எளியவை. கால்சியம் குளோரைடு, சலவை சோடா, காய்ச்சி வடித்த நீர், அப்புறம் கொஞ்சம் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் என்ற பாஸ்பேட் உப்பு. லிட்டருக்கு 0.1 மோல் வீதம் இரண்டு கரைசல்கள் செய்தேன். லிட்டர் நீருக்கு நீரற்ற சலவை சோடா 10.6 கிராம், இருநீரேற்றக் கால்சியம் குளோரைடு 14.7 கிராம். சலவை சோடாக் கரைசலில் மட்டும் ஒரு சிட்டிகை பாஸ்பேட். கால்சியம் குளோரைடைக் கரைக்கும்போது கரைசல் சூடேறும். அதனால் முதல் நாளே கரைத்து, இரண்டையும் தனித்தனியே பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து 2 டிகிரிக்குக் கீழே இறக்கிய பிறகே கலக்கிறேன்.

கலந்ததும் ஜாடி முழுக்கப் பால் போல வெளுக்கிறது. இது இன்னும் இக்கைட் இல்லை. ஒழுங்கான அமைப்பு எதுவும் வராத, உருவமற்ற கால்சியம் கார்பனேட்தான் முதலில் வருகிறது. மூடி ஃப்ரிட்ஜின் மிகக் குளிர்ந்த மூலையில் அசையாமல் விட்டால் கலங்கல் மெல்லக் குறைந்து, அடியில் மணல் போன்ற ஒன்று சேர்கிறது. குளிரவைத்த கண்ணாடித் தகட்டில் எடுத்து லென்ஸில் பார்த்தால், முனை கூரான, தெளிந்த சிறு பட்டகங்கள். இதைப் பார்த்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்லிவிட முடியாது.

இங்கேதான் முக்கியமான விஷயம். குளிர் இருந்தால் இக்கைட் வந்துவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். என் ஜாடிகள் அப்படிச் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, அதே குளிரில் பாஸ்பேட் சேர்க்காத ஜாடி ஒன்றும் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அதில் சேர்ந்தது பெரும்பாலும் நுண்ணிய வெள்ளைத் தூள். வெளியே வைத்துச் சூடாக்கினாலும் அது தண்ணீர் விடவில்லை. காரணம் இதுதான்: சாதாரணக் காற்றழுத்தத்தில் 0 டிகிரியில்கூட இக்கைட்டைவிட கால்சைட்டே நிலையானது. இக்கைட் உண்மையிலேயே நிலைபெற ஆயிரக்கணக்கான மடங்கு காற்றழுத்தம் வேண்டும். குளிர் செய்வது இரண்டின் நிலைத்தன்மைக்கும் இடையே உள்ள இடைவெளியைக் குறைப்பது மட்டுமே. கால்சைட் கருக்கொள்ளாமல், அதாவது அதன் முதல் நுண்படிகம் உருவாகாமல், தடுப்பது பாஸ்பேட். கால்சைட்டின் கருவில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியை முடக்குகிறது. இக்கைட்டின் வளர்ச்சி அதனால் அவ்வளவாகக் கெடுவதில்லை. ஆகவே, இக்கைட் கிடைக்கிறது என்றால் அங்கே கால்சைட்டின் வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

படிகத்தின் உள்ளமைப்பை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கால்சைட்டில் ஒவ்வொரு கார்பனேட்டும் பல கால்சியங்களை இணைக்கிறது. இக்கைட்டில் ஒரு கால்சியமும் ஒரு கார்பனேட்டும் ஜோடியாக நிற்க, சுற்றிலும் நீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டுகின்றன. ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும்தான். சூடு ஏறினால் கூண்டு அவிழ்கிறது. சரி, இவ்வளவு எளிதில் சிதைவது ஏன் என்ற கேள்விக்கு அதுவே விடை.

கிடைத்தது இக்கைட்தான் என்று எடை பார்த்தும் உறுதி செய்ய நினைத்தேன். படிகங்களைக் குளிரிலேயே வடிகட்டி, பனிக்குளிர் நீரிலும் பிறகு குளிர்ந்த எத்தனாலிலும் அலசி, குளிரவைத்த ஒற்றுத்தாளில் ஒற்றி, 1.00 கிராம் நிறுத்தேன். அறையில் விட்டதும் பளபளப்பு போய், வெளிவரம்பு மாறாமல் உள்ளே வெளுத்து, பிறகு ஈரத்தில் அமிழ்ந்தன. நன்றாக உலர்த்தி நிறுத்தால் 0.53 கிராம். தூய இக்கைட் என்றால் 0.48 வர வேண்டும். எத்தனால் ஈரத்தை எடுத்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே நீரில்லாத கார்பனேட் என்று கணக்கு சொல்கிறது. வீட்டுத் தராசுக்கு இது நல்ல முடிவு. மிச்சத் தூள் வினிகரில் நன்றாகவே நுரைத்தது.

வெளிவரம்பு மாறாமல் வெளுக்கும் அந்தக் கட்டத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இக்கைட்டின் அடர்த்தி சுமார் 1.8, கால்சைட்டினுடையது 2.71. தண்ணீரும் வெளியேறிவிடுவதால், ஒரே படிகம் கால்சைட்டாக மாறும்போது திடப்பொருளின் கன அளவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆனாலும் பாறைகளில் பழைய உருவம் அப்படியே மிஞ்சுகிறது. இடைவெளிகளில் பின்னால் வேறு கால்சைட் வந்து நிரம்புகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உள்ள கிளெண்டன் என்ற இடத்தின் பெயரால், இப்படி இக்கைட்டின் உருவத்தோடு மிஞ்சிய கால்சைட் கற்களை கிளெண்டனைட் என்கிறார்கள். பழங்காலக் கடலடி குளிராக இருந்ததன் அடையாளமாகப் புவியியலாளர்கள் இவற்றை மதிக்கிறார்கள். என் ஜாடி சொல்வதை வைத்துப் பார்த்தால், அந்த இடத்தின் நீர் வேதியியலையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு வலு சேர்க்கும் இன்னொரு தடுப்பான் மெக்னீசியம். கடல்நீரில் அது தாராளமாக உண்டு. அடுத்த ஜாடியில் பாஸ்பேட்டை விட்டுவிட்டு, கால்சியத்தைவிட ஐந்து மடங்கு மெக்னீசியம் சேர்த்து, இதே குளிரில் வைத்திருக்கிறேன். கரைசல் இன்னும் கலங்கலாகவே இருக்கிறது. அது தெளிந்த பின் எடை பார்த்து எழுதுகிறேன்.