மாத்திரை சாப்பிடும்போது எடுத்த ரத்தம்: புரோட்டீன் எஸ் டெஸ்ட்டுக்காக அலைந்த கதை

போன வெள்ளிக்கிழமைதான் ரிப்போர்ட் வந்தது. ஃப்ரீ புரோட்டீன் எஸ் 78 சதவீதம், புரோட்டீன் சி 104. இரண்டும் நார்மல். ரத்தம் தேவையில்லாமல் உறைவதைத் தடுக்கிற இந்தப் புரதங்களின் குறைபாடு தங்கச்சிக்கு இல்லவே இல்லை. இந்த ஒரு வரியைக் கேட்க பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை நாங்கள் பட்ட பாட்டை எழுதாமல் இருக்க முடியவில்லை. காலில் ரத்தக்கட்டி வந்து, "புரோட்டீன் சி, எஸ் பார்த்துட்டு வாங்க" என்ற சீட்டோடு நிற்கிற யாராவது ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்தால் போதும்.

ஜனவரியில் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை, அதனால் பிரசவம் எங்கள் வீட்டில், கடலூரில். பன்னிரண்டாம் நாள் இடது கால் தொடை வரை வீங்கி, தொட்டாலே வலித்தது. டாப்ளர் ஸ்கேனில் ஆழ்நாளத்தில் கட்டி. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் இது பெரும்பாலும் இடது காலில்தான் வருமாம். வயிற்றில் ஹெப்பாரின் ஊசி, கூடவே வார்ஃபரின் மாத்திரை; இரண்டும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிகிச்சையில் குறை சொல்ல எதுவும் இல்லை. அலைச்சல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

அடுத்த முறை காட்டப் போனபோது, "எதனால கட்டி வந்துச்சுன்னு பார்த்துடலாம்" என்று ஒரு மருத்துவர் மூன்று டெஸ்ட் எழுதினார்: புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், அவற்றைப் போலவே உறைதலைத் தடுக்கும் ஆன்டித்ராம்பின். சீட்டைக் கடலூரில் ஒரு லேபில் நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, பில் போட்டு, ரத்தம் எடுத்து, சாயங்காலமே ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். மொத்தப் புரோட்டீன் 7.1, ஆல்புமின் 3.9, அதற்குக் கீழே சி ரியாக்டிவ் புரோட்டீன். எனக்கு ஒன்றும் விளங்காமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். லேப் பாஷையில் பெயருக்கு முன்னால் 'எஸ்' போட்டால் சீரம் என்று அர்த்தமாம். புரோட்டீன் எஸ் என்பது சீரம் புரோட்டீன் ஆகிவிட்டது. புரோட்டீன் சி, காய்ச்சலுக்குப் பார்க்கிற சி.ஆர்.பி. ஆகிவிட்டது. ஆன்டித்ராம்பினை விட்டே விட்டார்கள். கேட்கப் போனால், "சீட்டுல எழுத்து புரியல சார்" என்றார்கள். புரியவில்லை என்றால் போன் போட்டுக் கேட்டிருக்கலாமே! பணம் திரும்பி வரவில்லை.

இரண்டாவது முறை வேறொரு லேப். "இது இங்க பண்றதில்ல, ரத்தம் மட்டும் எடுத்துத் தரோம், நீங்களே பாண்டிக்குக் கொண்டு போயிடுங்க" என்றார்கள். நீல மூடி போட்ட சின்ன ட்யூபில் ரத்தம் எடுத்து, தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே செருகித் தந்தார்கள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முள்ளோடை தாண்டி கிருமாம்பாக்கம் வரை பிரச்சினை இல்லை. அரியாங்குப்பத்தில் ஆரம்பித்த நெரிசல் முதலியார்பேட்டை வரை விடவில்லை. ஐஸ் உருகி என் பேன்ட் நனைந்திருந்தது.

பாண்டி லேபில் இருந்த தம்பி ட்யூபை வெளியே எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "அண்ணா, இந்தக் கோடு தெரியுதா?" ட்யூபின் மேல் லேசாக ஒரு கோடு. ரத்தம் அதற்கு ஒரு விரல் கீழே நின்றது. அந்த ட்யூபில் ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் என்ற திரவம் முன்பே இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. ரத்தம் குறைந்தால் கணக்கு தப்பும், முடிவும் தப்பும். அதோடு, உறைதல் டெஸ்ட்டுக்கு எடுத்த ரத்தத்தை இப்படி முழு ரத்தமாக ஐஸில் வைக்கவே கூடாதாம். நான்கு மணி நேரத்துக்குள் மெஷினில் சுழற்றி, பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதியைப் பிரித்து, அதை மறுபடியும் ஒருமுறை சுழற்றி, ஃப்ரீசரில் உறைய வைத்துத்தான் வெளியூருக்கு அனுப்ப வேண்டுமாம். ஆகவே மாதிரி நிராகரிப்பு. அந்தத் தம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இத்தனை நாளில் நின்று விளக்கிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். ஆனால் ஒரு நாள் போனது, தங்கச்சி கையில் இன்னொரு ஊசிக்குத்து.

மூன்றாவது முறை தங்கச்சியையே அழைத்துப் போனோம், ஐந்து வாரக் குழந்தையோடு. ட்யூப் கோடு வரை நிரம்புகிறதா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நிரம்பியது. எட்டாயிரத்து நானூறு ரூபாய். இந்த முறை எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று நிம்மதியாக ஊர் திரும்பினோம். உண்மையில் மூன்று முறையில் பெரிய தப்பு நடந்தது அன்றைக்குத்தான்.

ரிப்போர்ட்டில் ஆன்டித்ராம்பின் 98, நார்மல். புரோட்டீன் சி 38, புரோட்டீன் எஸ் 24, இரண்டுக்கும் தடித்த எழுத்து. எழுதிக் கொடுத்த மருத்துவர் பார்த்துவிட்டு, "ஜெனடிக். வாழ்நாள் முழுக்க மாத்திரை. கூடப்பிறந்தவங்களுக்கும் பார்த்துடுங்க" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. பண்ருட்டியில் இருந்த பெரிய மாமா சின்ன வயதிலேயே கால் வீங்கி, மூச்சுத் திணறி இறந்தவர். "என் வழியாதான்டா என் பொண்ணுக்கு வந்திருக்கு" என்று அம்மா முடிவே செய்துவிட்டார். தங்கச்சி தூங்குகிற குழந்தையின் காலைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயம் சம்பந்தி வீட்டுக்கும் எப்படியோ போய், "பரம்பரை வியாதின்னு சொல்றாங்களே, முன்னாடியே தெரியாதா?" என்று அங்கிருந்து போன். நானும் ரத்தம் கொடுத்தேன். எனக்கு நார்மல். அதனால் அம்மாவின் மனம் ஆறவில்லை.

மாப்பிள்ளைதான் ரத்தவியல் நிபுணர் ஒருவரைப் பார்த்துவிடலாம் என்று பிடிவாதமாக நின்று, பாண்டியில் அப்பாயின்ட்மென்ட் வாங்கினார். டாக்டரம்மா ரிப்போர்ட்டில் எண்களை அப்புறம்தான் பார்த்தார். முதலில் பார்த்தது தேதியை. "அன்னைக்கு என்ன மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தீங்க?" வார்ஃபரின் என்றாள் தங்கச்சி. "குழந்தை பிறந்து எத்தனை வாரம்?" ஐந்து. டாக்டரம்மா லேப் படிவத்தின் நகலைத் திருப்பிக் கடைசி வரியில் விரலை வைத்தார். 'தற்போது எடுக்கும் மருந்துகள்' என்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் காலியாக இருந்தது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ரத்தத்தை உறைய வைக்கும் காரணிகளில் சில எப்படிக் கல்லீரலில் வைட்டமின் கே துணையோடு தயாராகின்றனவோ, உறைதலுக்குப் பிரேக் போடும் புரோட்டீன் சி, எஸ் இரண்டும் அப்படியேதான் தயாராகின்றன. வார்ஃபரின் செய்கிற வேலையே அந்த வைட்டமின் கேயைத் தடுப்பது. ஆகவே வார்ஃபரின் சாப்பிடுகிற யாருக்கு எடுத்தாலும் இந்த இரண்டும் குறைவாகத்தான் வரும். ஆன்டித்ராம்பினுக்கு வைட்டமின் கே தேவையில்லை, அதனால்தான் அது மட்டும் நார்மல். "இது உங்க ஜீனைக் காட்டலம்மா, மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு காட்டுது" என்றார். அம்மா அந்த இடத்திலேயே அழுதுவிட்டார்.

இன்னொன்றும் சொன்னார். புரோட்டீன் எஸ் ரத்தத்தில் தனியாகச் சுற்றுவது சுமார் 40 சதவீதம்தான். மீதி 60, சி4பி பைண்டிங் புரோட்டீன் என்ற பெரிய புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெரிய புரதம் நம் நோய் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்தது. கிருமிகளைத் தாக்கும் காம்ப்ளிமென்ட் படை நம் சொந்தச் செல்களையே தாக்கிவிடாமல் அடக்கி வைப்பது அதன் வேலை. புரோட்டீன் சிக்குத் துணையாக நின்று உறைதலை நிறுத்துவது, ஒட்டாமல் தனியாக இருக்கிற எஸ். கர்ப்ப காலத்தில் அந்தத் தனி எஸ் இயல்பாகவே இறங்கிவிடும், பிரசவத்துக்குப் பின் சில வாரம் கழித்துத்தான் ஏறும். அப்போது மொத்த அளவை மட்டும் பார்ப்பதும் பிரயோஜனமில்லை, ஃப்ரீ அளவைப் பார்க்க வேண்டும். 'எஸ்' எதன் சுருக்கம் என்று கேட்டேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததால் அந்த ஊரின் முதல் எழுத்தாம். கடலூர் லேபில் சீரம் ஆன எழுத்து இதுதான்.

அதனால், சீட்டு கையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். வார்ஃபரின் நிறுத்திக் குறைந்தது இரண்டு வாரம் ஆகாமல் இந்த டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்காதீர்கள். எங்கள் டாக்டரம்மா நான்கு வாரம் கேட்டார். பிரசவம் ஆகி ஆறு வாரமாவது தாண்டட்டும். கட்டி வந்த புதிதில் எடுத்தாலும் தப்பாகக் காட்டலாம். ஹெப்பாரின் ஊசி போடும்போது ஆன்டித்ராம்பின் குறைந்து காட்டும். ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புது மாத்திரைகளில் கோளாறு தலைகீழ்: உறைதல் முறையில் அளக்கும்போது குறைவாக இருப்பதைக்கூட நார்மல் என்று காட்டிவிடலாம். ஆனால் டெஸ்ட்டுக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எப்போது நிறுத்தலாம் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சீட்டில் 'ஃப்ரீ புரோட்டீன் எஸ்' என்று முழுசாக எழுதி வாங்குங்கள். கவுன்டரில் பில் போட்டதும் அதில் என்ன பெயர் இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

மூன்று மாதம் முடியும் வரை வார்ஃபரின் தொடர்ந்தது. அம்மா பத்தியம் என்று வைட்டமின் கே உள்ள முருங்கைக் கீரையை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லாமல் போட்டதில், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கீரை தாராளமாகச் சாப்பிடலாம், தினம் ஒரே அளவாக இருக்கட்டும் என்று சொன்ன பிறகு 2க்கும் 3க்கும் நடுவில் நின்றது. டாப்ளர் சரியாக வந்ததும் மே மாதக் கத்திரி வெயிலில் மாத்திரையை நிறுத்தினார்கள். நிறுத்திய நான்கு வாரமும் தங்கச்சி கால் லேசாக மரத்தாலும் எனக்குப் போன் செய்தாள். ஜூனில் பாண்டிக்கே போய் ரத்தம் கொடுத்தோம். படிவத்தின் கடைசி வரியை நானே நிரப்பினேன்.

ரிப்போர்ட் நார்மல் என்றாலும், அடுத்த முறை கர்ப்பமானால் ஆரம்பத்திலிருந்தே ஹெப்பாரின் ஊசி தேவைப்படும், வந்து பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். கர்ப்பத்தை ஒட்டி ஒருமுறை கட்டி வந்ததே அதற்குப் போதுமான காரணமாம். கருத்தடை மாத்திரையும் கூடாது, வேறு வழி பார்க்க வேண்டும்.

பழைய ரிப்போர்ட்டைக் கிழித்து அடுப்பில் போடச் சொன்னார் அம்மா. நான் கிழிக்கவில்லை. நாளைக்கு வேறு யாராவது ஃபைலைப் புரட்டிப் பயமுறுத்தக்கூடாது என்று, அந்த 24க்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'வார்ஃபரின் சாப்பிடும்போது எடுத்தது, பிரசவமாகி 5 வாரம்' என்று எழுதி, புது ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன்.