அம்மாச்சியின் கட்டில் விளக்கு

ஜூன் 2

அம்மாச்சிக்கு முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. போன மாதம் அவர் கட்டிலுக்கு நான் செய்து கொடுத்த எல்இடி விளக்கு நன்றாகத்தான் எரிகிறது, ஆனால் அதன் சின்ன சுவிட்சை அவரால் அழுத்த முடியவில்லை. ராத்திரி பாத்ரூம் போக என்னைக் கூப்பிடவும் மனசு வராமல் இருட்டிலேயே சுவரைத் தடவிக்கொண்டு போகிறார். தொட்டாலே எரிகிற மாதிரி மாற்றியாக வேண்டும். டிடிபி223 டச் மாட்யூல் (விரல் பட்டதை உணரும் சின்ன சென்சார் பலகை) இரண்டு வாங்கி வந்தேன்.

ஜூன் 4

மாட்யூலில் இருந்து வருவது சில மில்லிஆம்பியர்தான். விளக்கில் இருக்கும் என் எல்இடி ஸ்டிரிப் அரை மீட்டர், 30 எல்இடி. 12 வோல்ட்டில் சுமார் 0.6 ஆம்பியர் இழுக்கும். அதனால் நடுவில், சின்ன சிக்னலை வைத்துப் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் போட்டேன். மாட்யூலுக்கு 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்க 7805 என்ற ஒரு ரெகுலேட்டர். மாட்யூலில் ‘பி’ என்று போட்ட இரண்டு புள்ளிகளையும் ஈயம் வைத்து இணைத்தால், ஒரு தொடுதலுக்கு எரியும், மறு தொடுதலுக்கு அணையும்.

ஜூன் 5

எங்கே தொடுவது? விரல்நுனி அளவு மாட்யூலை இருட்டில் எப்படித் தேடுவார்? அம்மாச்சியே வழி சொன்னார். தலைமாட்டில் இருக்கும் பழைய பித்தளைக் குங்குமச் சிமிழை எடுத்து நீட்டி, “இதுல வையி தாயி, எனக்குக் கை தானா அங்கதான் போகும்” என்றார்.

புளி போட்டுத் தேய்த்தேன். அடிப்பக்கம் உப்புத்தாளால் சுரண்டினேன். ஈயம் ஒட்டவே இல்லை, முத்து முத்தாக உருண்டு ஓடியது. பித்தளை மொத்தச் சூட்டையும் உறிஞ்சிக்கொள்கிறது, என் 25 வாட் சால்டரிங் அயர்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. அப்புறம் சிமிழைத் தோசைக்கல்லில் சுட வைத்து எடுத்து, சூடு ஆறுமுன் பற்றவைத்தேன். ஈயம் பளபளவென்று பரவி ஒயரைப் பிடித்துக்கொண்டது. மேலே நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு கோட். உலோகத்தில் நேராகக் கை படாவிட்டாலும் இந்த சென்சாருக்கு விரல் தெரிந்துவிடும். ஆனாலும் அவர் தொடப்போவது உலோகம் என்பதால், பிஐஎஸ் முத்திரை உள்ள நல்ல அடாப்டராகப் பார்த்து மாற்றினேன்.

ஜூன் 8

ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு தானாக எரிந்திருக்கிறது. அம்மாச்சி பயந்துபோனார். எனக்கு மனசே சரியில்லை.

சிமிழிலிருந்து மாட்யூலுக்கு 30 செ.மீ. ஒயர் விட்டிருந்தேன், அதுவும் 12 வோல்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டி. சென்சாருக்கு அந்த ஒயரும் தொடுகிற இடம்தான். மாட்யூலைச் சிமிழுக்கு அடியிலேயே ஒட்டி, ஒயரை 4 செ.மீ. ஆக்கினேன். சென்சார் ரொம்பக் கூர்மையாக இருந்ததால் அதைக் கொஞ்சம் குறைக்க 10 பைக்கோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றும் சேர்த்தேன்.

ஜூன் 9

ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்தேன். ஒரு தடவைகூடத் தானாக எரியவில்லை.

ஜூன் 12

சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. விளக்கு அணைந்தபடியே இருந்தது. ‘ஏ’ புள்ளிகளையும் இணைத்திருந்தால் கரண்ட் வந்ததும் மாட்யூல் ‘ஆன்’ நிலையில் தொடங்கி, அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். கரண்ட் வந்த அரை நொடிக்குள் சிமிழில் கை இருந்தால் மட்டும் சென்சார் குழம்பிவிடும். கையை எடுத்துக் கொஞ்சம் பொறுத்துத் தொடச் சொல்லிக் கொடுத்தேன்.

அவர் விரலால் தொடுவதில்லை, புறங்கையால் ஒரு தட்டு. இன்று விடிகாலை நான் எழுந்தபோது அவர் அறைக் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. என்னைக் கூப்பிடவில்லை.